கடப்புறத்து மனுவில் உள்நாட்டுக் கையெழுத்து

கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும். தென்னிந்தியத் திருச்சபையின் பேராயருக்கும் சேகரத்து ஐயர்மாருக்கும். இரட்சணிய சேனை அதிகாரிகளுக்கும். பள்ளிவாசல் இமாம்களுக்கும் ஜமாஅத் தலைவர்களுக்கும். சாமிதோப்புத் தலைமைப்பதியிலும் மற்றப் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பணிவிடை செய்யும் பெரியோருக்கும். கோவில் போற்றிமாருக்கும் ஸ்ரீகாரியங்களுக்கும் ஊர்க் கோவில் டிரஸ்டுகளின் தலைவர்களுக்கும்,



2017 நவம்பர் 30 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த படகுகளையும் மலையடிவாரத்து ரப்பர் மரங்களையும் ஒரே காற்றுதான் கவிழ்த்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. உள்நாட்டில் குலை தள்ளிய வாழை விளைவிளையாகச் சாய்ந்து கிடந்தது. கரண்டுக் கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் இருட்டு. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கூடவே அவர்களுடைய பங்குத்தந்தையர் உட்கார்ந்தார்கள். வாழைக்கும் ரப்பருக்கும் இழப்பீடு கேட்டவர்கள் வேறொரு நாளில், வேறோர் அலுவலக வாசலில், வேறொரு தாளை நீட்டினார்கள். புயல் ஒன்று, மனு இரண்டு.

அந்த இரண்டாவது மனு ஏன் தனியாக எழுதப்பட்டது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நம்மூரில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு படம் வரைந்து, யார் எங்கே கும்பிடுகிறார்கள் என்று இன்னொரு படம் வரைந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். கடப்புறம் பெரும்பாலும் கத்தோலிக்கம். அதனால் மீனவனுக்கு ஒரு குறை வந்தால் பேசுகிறவர் பங்குச் சாமிதான். உள்நாட்டு விவசாயிக்கு ஒரு குறை வந்தால் பாசனச் சங்கமோ கட்சிக்காரரோ பேசுவார்கள். பள்ளிவாசலுக்கு ஒரு பிரச்சினை வந்தால் ஜமாஅத் பேசும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்த மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.2 விழுக்காடு. அய்யாவழி மக்களுக்கு அந்தக் கணக்கில் தனி வரிசையே இல்லை. இப்படி இரண்டு பெரும் சமயத்தார் ஏறக்குறைய சரிபாதியாக வாழும் மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. இங்கே ஒரு பாதி மட்டும் எழுந்து கேட்டால், மறுபாதிக்கு அது தன் பிரச்சினையாகத் தோன்றுவதில்லை.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். பக்கத்தில் கூடங்குளத்தில் 2011, 2012-இல் என்ன நடந்தது? அணு உலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட, போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, திருச்சபை இருக்கிறது என்று சொல்வது சுலபமாக இருந்தது. இனயத்திலும் பிறகு கோவளம் பக்கத்திலும் துறைமுகம் வருகிறது என்றபோது அலைத்தடுப்பு, கரையரிப்பு, வாழ்வாதாரம் என்று தொடங்கிய பேச்சு சில மாதங்களில் எந்தச் சமயத்தார் ஆதரிக்கிறார்கள், எந்தச் சமயத்தார் எதிர்க்கிறார்கள் என்ற கணக்காகச் சரிந்தது. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் நிற்கிறது. 2024 அக்டோபரில் பத்மநாபபுரத்தில் வைக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிப்போனது. அந்த மண்ணில் தென்னை வைத்திருப்பவரும் வீடு கட்டியிருப்பவரும் கிணறு தோண்டியிருப்பவரும் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். ஆனால் எதிர்க்கும் குரல் பங்கு மேடையிலிருந்து மட்டும் கேட்டால், அதை ஒதுக்கித் தள்ளத் தேவையான சொற்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

அந்தச் சொற்களைச் செல்லாததாக்க உங்களால் மட்டும்தான் முடியும். கடப்புறத்து மனுவில் கோவில் ஸ்ரீகாரியம் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அதைச் சபைக்காரர் மனு என்று யார் சொல்ல முடியும்?

ஒரு சமயத்தார் மட்டும் வாங்கிய உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. தோள்சீலைப் போராட்டத்தை நாம் 2023-இல் நாகர்கோவிலில் இரண்டு முதலமைச்சர்களை அழைத்து இருநூறாம் ஆண்டாகக் கொண்டாடினோம். அந்தக் கதையில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கர்னல் மன்றோ திருவிதாங்கூர்த் திவானாக இருந்த காலத்தில் வந்த உத்தரவு, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. மாறாத பெண்களைப் பற்றி அது பேசவில்லை. ஒரே விளையில், ஒரே பனையடியில், ஒரே இனத்துப் பெண்கள் இருவரில் ஒருத்திக்கு ரவிக்கை உண்டு, மற்றவளுக்கு இல்லை. மாறியவளையும் அந்த உத்தரவு காப்பாற்றவில்லை. மேல்சாதியார் அதை மத விவகாரமாக்கினார்கள். சந்தைகளில் பெண்களின் ரவிக்கை கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. பல பதிற்றாண்டு அடிதடிக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று வந்த அரச பிரகடனம்தான் எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் தோளை மூடலாம் என்றது. அதிலும் ஒரு முள் இருந்தது: மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது, முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டிக்கொள்ளலாம். கடப்புறத்துப் பெண்ணையும் விளையில் நின்ற பெண்ணையும் அரண்மனை ஒரே தாளில், ஒரே தாழ்ந்த வரிசையில் நிறுத்தியது.

அந்தப் பதிற்றாண்டுகளில்தான் அய்யா வைகுண்ட சுவாமிகள் சாமிதோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதியாரும் அதில் நீர் எடுக்க வைத்தார். முட்டுக்குமேல் வேட்டி கட்ட வேண்டியவன் என்று ஒதுக்கப்பட்டவனைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அதற்காகத் திருவிதாங்கூர்ச் சிறையில் அடைபட்டார். ஒருபுறம் மிஷனரிமார், மறுபுறம் அய்யா. இரண்டு இயக்கங்களும் ஒரே கொடுமையை எதிர்த்தன. ஆனால் தனித்தனியாக எதிர்த்தன. பிற்காலத்தில் சுசீந்திரம் கோவில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம்பெருமாள் நாயுடு 1926-இல் சத்தியாகிரகம் நடத்தியதும் இந்த வரிசையில் வருவதுதான். பத்து வருடம் கழித்து, 1936-இல், கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

1859-இல் ஒரே தாளில் நின்ற அந்த இரண்டு பெண்களின் வழிவந்தவர்கள்தான் 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

மண்டைக்காட்டைப் பற்றி எழுதாமல் உங்களுக்குக் கடிதம் எழுத முடியாது. பெண்களின் சபரிமலை என்று பேர் பெற்ற கோவில். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பக்கத்தில் கடல், கடலோரத்தில் மீனவ ஊர். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அதன்பிறகு கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் எரிந்தவை யாருடைய வீடுகள்? கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவன் வீடும், பனையேறினால்தான் கஞ்சி என்றிருந்தவன் வீடும்தான். இந்த மாவட்டத்தின் பணக்காரர் யாரும் அந்தக் கலவரத்தில் வீதிக்கு வந்ததாகத் தெரியவில்லை.

குன்றக்குடி அடிகளார் அப்போது வந்தார். தமக்கு இங்கே மடமோ சொந்த ஊரோ இல்லாத ஒரு சைவ மடாதிபதி, கலவரம் நடந்த ஊர்களுக்குள் நடந்து இரு தரப்பாரோடும் பேசினார். சமயங்கள் கலந்து அமரும் திருவருட் பேரவை அந்த முயற்சிகளின் வழியே இங்கே வேரூன்றியது. உங்களில் மூத்தவர்கள் சிலர் அதில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பேரவையையும் அதன்பின் வந்த சமய நல்லிணக்கக் கூட்டங்களையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன்பிறகு மண்டைக்காடு மறுபடி எரியவில்லை என்றால் அதில் உங்கள் முன்னோரின் பங்கு பெரியது. 2021 ஜூனில் அம்மன் கோவில் கருவறைக் கூரை தீப்பிடித்தபோது ஒரு வதந்தி போதும், ஊர் பற்றிக்கொள்ள. பற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அரசு 1982-இலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒழுங்கைப் பற்றியது மட்டும். நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 1986-இல் அரசாணை வந்தது. புதிய வழிபாட்டிடத்துக்கு யாரிடம் அனுமதி, ஊர்வலம் எந்த வழி, ஒலிபெருக்கி எத்தனை என்பதெல்லாம் முறைப்படுத்தப்பட்டன. தேவைதான். நீங்களும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டீர்கள் என்பது என் வருத்தம். ஆட்சியர் அழைக்கும்போது கூடுகிறீர்கள், சால்வை மாற்றிக்கொள்கிறீர்கள், ஒரு படம், மறுநாள் நாளிதழில் ஒரு செய்தி. சண்டை வராமல் பார்த்துக்கொள்வதே நல்லிணக்கத்தின் முழு வேலையாகிவிட்டது. சண்டைக்கு எரிபொருளாக இருந்த வறுமையும் அவமானமும் எந்தக் கூட்டத்தின் பொருளிலும் ஏறவில்லை.

நம் மக்கள் உங்களைவிட வேகமாக நடந்த நாள்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைக் கடல் எடுத்தது. மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் போனார்கள். மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு உள்நாட்டுப் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் வீடுகளும் திறந்தன. மண்டைக்காடு முடிந்து இருபத்துமூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. யார் வீட்டுக் கஞ்சி என்று குடித்தவரும் பார்க்கவில்லை, எந்த ஆலயத்து ஆள் என்று ஊற்றியவரும் கேட்கவில்லை. பிறகு வீட்டுமனை எங்கே, கடற்சுவர் எப்போது, பிழைப்புக்கு என்ன வழி என்று நீண்ட நாள் கேட்க வேண்டியிருந்தபோது, கடப்புறம் மறுபடி தனியாகத்தான் கேட்டது.

சில காரியங்களை இங்கே பெயர் சொல்லி வைக்கிறேன்.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வயதான தாய் ஒருவர் நாற்றம் என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். காணொளி பரவியது, ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், முதலமைச்சர் கண்டித்தார். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விடியலில் ஏலம் எடுத்த மீனைச் சருவத்தில் வைத்துத் தலையில் சுமந்து உள்நாட்டுத் தெருக்களில் கூவி விற்கும் பெண்கள் உங்கள் எல்லோர் வீட்டு வாசலுக்கும் வருகிறார்கள். அவர்களுக்குச் சந்தையில் தண்ணீர்க் குழாய் உண்டா, வெயிலுக்குக் கூரை உண்டா, ஒதுங்கக் கழிப்பறை உண்டா, சருவத்தை ஏற்றிக்கொள்ளும் பேருந்து உண்டா? வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உள்நாட்டார். அப்படியானால் கேட்க வேண்டியவர்களும் உள்நாட்டார்தானே. உள்நாட்டுச் சந்தை ஒன்றில் அந்தப் பெண்களுக்குக் கூரை வேண்டுமென்று ஒரு சிவன் கோவில் டிரஸ்டும் ஒரு ஜமாஅத்தும் சேர்ந்து பேரூராட்சிக்கு எழுதட்டும். பங்குச் சாமி அந்தக் கடிதத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போடட்டும்.

அண்டி ஆபீஸ்களைப் பாருங்கள். கூலி குறைவு என்பதால் கொல்லத்து முதலாளிமார் எல்லை தாண்டி வந்து இங்கே முந்திரி ஆலை வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒரே வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்து கொட்டை உடைக்கும் பெண்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. தோட்டுப் பால் பட்டு உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்திருக்கும். அந்தக் கையால்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் நற்கருணை வாங்குகிறார்கள், திருநீறு வாங்குகிறார்கள், திருநாமம் வாங்குகிறார்கள். இதைப் பற்றி ஒரு பிரசங்கமோ ஒரு ஜும்ஆ உரையோ ஒரு பதியில் ஒரு வார்த்தையோ நான் கேட்டதில்லை. காரணம் கடினமானது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்கும் கொடைக்கும் சந்தனக்கூட்டுக்கும் நன்கொடை தருகிற பெயர்களில் முதலாளிகளின் பெயர் முன்னால் இருக்கிறது. தனியாக ஒரு ஆலயம் முதலாளியிடம் கேட்டால் அடுத்த வருடத்து நன்கொடை போகும். நீங்கள் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் அவர் யாருக்கு நிறுத்துவார்? நீங்கள் கூடுவதன் பலன் இங்கேதான் மிக நேராகத் தெரியும் என்று நம்புகிறேன்.

மதுக்கடை. 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறி, பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் பக்கத்திலிருந்த மதுக்கடையை அகற்றச் சொல்லிப் போராடி உயிர் விட்டார். சேலத்துக்காரர் நம் ஊருக்கு வந்து இறந்தார். உங்கள் சமய நூல்கள் எல்லாம் குடிவெறியைக் கண்டிக்கின்றன. இதில்கூட நீங்கள் ஒரே மேடையில் தொடர்ந்து நிற்காதது எனக்குப் புரியவில்லை.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குள்ளே பார்ப்பது. அடுத்த சமயத்தில் உள்ள அநீதியைச் சுட்டிக்காட்ட எல்லோருக்கும் தெரிகிறது. 2021-இல் அருமனையில் ஒரு மேடையில் அடுத்தவர் நம்பிக்கையை ஏளனமாகப் பேசிய பேச்சு இந்த மாவட்டத்தை எத்தனை நாள் கொதிக்க வைத்தது என்று மறக்கவில்லை. அதற்கு மறுவருடம் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோவில் குடமுழுக்கில் இந்து அல்லாதவர் கலந்துகொள்ளக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். யேசுதாஸ் பாட்டு ஒலிக்காத கோவில் உண்டா, வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகாத இந்துக்கள் உண்டா என்ற பொருளில் சொல்லி உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. நீதிபதிகள் சொன்னதை அதற்கு முன்னால் நீங்களே சொல்லியிருக்கலாம்.

தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் பட்டியல் சாதி உரிமை 1950 ஆணையால் இன்றுவரை இல்லை. கிறிஸ்தவத் தலைவர்கள் அரசிடம் இதைக் கேட்கிறார்கள், சரி. அதே தலைவர்கள் தம் கல்லறைத் தோட்டத்திலும் பங்குப் பேரவையிலும் பேராயத் தேர்தலிலும் சாதி என்ன செய்கிறது என்று வெளிப்படையாகப் பேசட்டும். கோவில் டிரஸ்டுகள், கொடைக்கு யாரிடம் வரி வாங்குகிறோம், யாரிடம் வாங்க மறுக்கிறோம் என்று பேசட்டும். ஜமாஅத்துகள், ஊர் முதலாளி சொல்லே சட்டம் என்ற காலம் முழுக்கப் போய்விட்டதா என்று பேசட்டும். தேங்காப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்தவர் வீட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம், அவரவர் தம் வீட்டைப் பற்றி அடுத்தவர் முன்னிலையில் பேசினால் போதும். அப்படி ஒரு கூட்டம் நடந்தால், அடுத்த நாள் ஒருவர் மனுவில் மற்றவர் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.

இன்னொன்று. உங்கள் சமாதானக் கூட்டங்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். காவி, வெள்ளை அங்கி, தொப்பி, தலைப்பாகை, எல்லாம் உண்டு. பெண் ஒருத்திகூடப் பெரும்பாலும் இல்லை. தோள்சீலைக்கு அடிபட்டவள் பெண். மண்டைக்காட்டுக்கு இருமுடி சுமப்பவள் பெண். பேருந்திலிருந்து இறக்கப்பட்டவள், தோட்டுப் பாலில் கை வெந்தவள், குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கதவு திறப்பவள், ஒக்கிக்குப் பிறகு போட்டோவைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்தவள், எல்லாம் பெண். அவர்களைப் பற்றி அவர்கள் இல்லாமல் பேசி முடிவெடுக்கும் பேரவைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது பாதிப் பேரவைதான். அருட்சகோதரிகள், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், மகளிர் குழுத் தலைவிகள், அண்டி ஆபீஸ் தொழிலாளிகள், மீன் விற்கும் பெண்கள் இவர்களுக்குப் பாதி நாற்காலி ஒதுக்குங்கள். பின்வரிசையில் வேண்டாம்.

வரும் மாசிக் கொடைக்குக் கொடியேறும் முன்னால் கூடுங்கள். ஆட்சியர் அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் கூட்டத்தை மண்டைக்காட்டிலேயே வையுங்கள், இரண்டாவதைக் குளச்சல் மீன் ஏலக்கூடத்தில், மூன்றாவதைத் தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்கா பக்கம். நாலாவது குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமாக இருக்கட்டும். பால்வெட்டுக்காரர் வேலை முடித்து வரும் நேரம் பார்த்து வையுங்கள். சால்வை வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு மனு. அதை எழுதுகிறவர் பாதிக்கப்பட்டவரின் சமயத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் பழைய மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

மீன் விற்கும் பெண்களுக்கான சந்தைக் கூரை மனுவிலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம். அதை எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், தாளும் பேனாவுமாக வந்து உட்கார்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
இந்த மாவட்டத்துக் குடிமகள் ஒருத்தி
நாகர்கோவில்